லாபம், ரெண்டு, மூணு

மேடையில் பத்தொன்பது பேர். டிரம்பெட் நான்கு, கிளாரினெட் ஐந்து, சாக்ஸபோன் மூன்று, டிராம்போன் இரண்டு, யூபோனியம் ஒன்று, சின்ன டிரம் ஒன்று, பெரிய டிரம் ஒன்று, சிம்பல் ஒன்று, எல்லோருக்கும் முன்னால் வெள்ளைக் குச்சியோடு கார்டோசா மாஸ்டர் ஒருவர். அந்தச் சிம்பல் ஒன்று கயித்தான். கீழே கடற்கரைப் பூங்காவின் மணலில் நாற்காலிகள் நூற்று எண்பது, வரிசைக்குப் பதினைந்தாகப் பன்னிரண்டு வரிசை. அவற்றில் உட்கார்ந்திருந்தவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர்: ஆண்கள் அறுபத்தொன்று, பெண்கள் ஐம்பத்து நான்கு, குழந்தைகள் இருபத்தெட்டு. மடியிலிருந்த கைக்குழந்தைகளை அவர் சேர்க்கவில்லை; நாற்காலி பிடிக்காத ஆளை எந்தக் கணக்கில் எழுதுவது? வேலியோரம் நின்ற ஐஸ் வண்டிக்காரர், அவரோடு பேசிக்கொண்டிருந்த போலீஸ்காரர்கள் இருவர், மேடைக்கு அடியில் சுருண்டு கிடந்த செவலை நாய், இவர்களும் கணக்கில் இல்லை. நான்காவது வரிசையின் ஓரத்து நாற்காலியில் மொகுதூம் இருந்தார். அவர் அந்த அறுபத்தொன்றில் சேர்த்திதான். ஆனாலும் கயித்தான் அவரைத் தனியாக இன்னொரு தடவை எண்ணினார். எண்ணிவிட்டு, அப்படி எண்ணியதற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டு, அறுபத்தொன்றையும் முதலிலிருந்து எண்ணினார். அறுபத்தொன்றுதான்.

அன்றைக்குக் கடைசி உருப்படி ‘கொண்டல்’. மாஸ்டர் சொந்தமாக எழுதியது. கீழைக் காற்றில் ஒரு தோணி ஊர் திரும்புகிற கதை. மற்றவர்கள் முன்னால் இசைத்தாள் இருந்தது. கயித்தானுக்கு அந்தத் தாள், வலையில் மாட்டிய நெத்திலிக் கூட்டம் மாதிரி. தலையும் வாலும் தெரியும், வேறொன்றும் விளங்காது. ஐந்தாம் வகுப்போடு துறைமுகத்துக்குப் போனவர். அதனால் மாஸ்டர் அவருக்கு மட்டும் பஸ் டிக்கெட் அளவில் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்: ‘96 விடு. 97-இல் ஓங்கி ஒரு அடி. 12 விடு. இரண்டு அடி.’ நாலு எண்ணிக்கை சேர்ந்தது ஒரு பார். தொண்ணூற்றாறு பார் அவர் இரண்டு பித்தளைத் தட்டுகளையும் தொடையோடு அணைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். தொண்ணூற்றேழாவது பாரின் முதல் எண்ணிக்கையில் தட்டுகள் மோத வேண்டும். அங்கேதான் தோணிக்காரர்கள் கரையைக் காண்கிறார்கள் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். குச்சி மேலே போனது, இறங்கியது. லாபம் என்றது நாக்கு. ஒன்று என்று அவர் திருத்தினார். இரண்டு. மூன்று. கிளாரினெட் ஐந்தும் தாழ்ந்த குரலில் தொடங்கின, காற்று இன்னும் எழாத தண்ணீர் மாதிரி. நான்கு, ஐந்து. லாபம் என்பது அப்பா கொடுத்துவிட்டுப் போன பழக்கம். அப்பா உப்பளத்தில் மரக்கால் அளந்தவர். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்பார், அடுத்தது ரெண்டு, அடுத்தது மூணு. ஒன்று என்று தொடங்கினால் ஒன்றோடு நின்றுவிடுமாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் கயித்தான் இந்தக் குழுவில் சேர்ந்தபோது வாய்விட்டு லாபம் என்று எண்ணப்போய், கிளாரினெட்காரர்கள் ஊதுகிறதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. “கயித்தானண்ணே, இங்க யாவாரமா பண்ணுதோம்? ஒண்ணுன்னே தொடங்குங்க” என்றார். அன்றிலிருந்து ஒன்று. வாய்க்குள்ளே மட்டும், சில நாள், அது முந்திக்கொள்ளும். ஒன்பது. பத்து.

மேடையில் அவர்கள் கடலுக்கு முதுகு காட்டி ஊரைப் பார்த்து நின்றார்கள். சூரியன் ஊருக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கும் கோவில் கோபுரத்துக்கும் நடுவில் இறங்கிக்கொண்டிருந்தது. நேராகக் கண்ணில் அடித்தது. பதின்மூன்று. சாக்ஸபோன் சேர்ந்தது. வலதுகைத் தட்டில் வெயில் பட்டு ஒரு வெளிச்ச வட்டம் கூட்டத்தின் மேல் விழுந்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். ஒரு பப்பாளி அளவு வட்டம். அவர் மூச்சு விட்டால் அது ஏறியது, இழுத்தால் இறங்கியது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கண்ணைச் சுருக்கினாள். கயித்தானுக்குக் கூசிப்போயிற்று. எங்கே போனாலும் ஒரு தூணுக்குப் பின்னால் நிற்கிற மனிதர்; ஊரார் முகத்தில் வெளிச்சம் அடிக்கிற வேலை அவருக்கு எதற்கு? மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினார். வட்டம் நழுவி நான்காவது வரிசைக்குப் போய், மொகுதூமின் வெள்ளைச் சட்டையில், பையில் செருகியிருந்த பேனாவின் மேல் உட்கார்ந்தது. பதினேழு. மேலும் திருப்பினால் தட்டுகள் உரசும், உரசினால் சத்தம் வரும். அப்படியே விட்டார். பதினெட்டு. பதினெட்டா? சாக்ஸபோன் சேர்ந்தது பதின்மூன்றில், அதற்கப்புறம் பெண், அப்புறம் மணிக்கட்டு. பதினெட்டுதான். பத்தொன்பது. மொகுதூம் அசையவில்லை. நெஞ்சில் வெளிச்சத்தோடு, நாடியைத் தாங்கிக்கொண்டு பார்த்தார். மேடையில் பத்தொன்பது பேர் இருக்க, அவர் பார்ப்பது தன்னைத்தான் என்று கயித்தானுக்குத் தோன்றியது. ஒவ்வொரு மாதமும் தோன்றுவதுதான்.

நாற்காலிகள் மொகுதூமுடையவை. ஷாமியானா, நாற்காலி, பெரிய பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். மாதாமாதம் இந்த நிகழ்ச்சிக்கு அவருடைய குட்டியானை வண்டிதான் வரும். குழுவின் சார்பில் எண்ணி வாங்கிச் சீட்டில் கையெழுத்துப் போடுகிற பொறுப்பு கயித்தானுடையது. வேறு யார் எண்ணினாலும் தப்பு வரும் என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். இருபத்து மூன்று. மொகுதூம் ஒரே அடுக்கை மூன்று தடவை எண்ணுவார், உதடு அசைய, விரல் நீட்டி. அதைப் பார்க்கும்போது கயித்தானுக்கு உள்ளே ஒரு சின்ன இளக்காரம் வரும்; வந்த உடனே அதன் பின்னாலேயே வேறொன்றும் வரும். எண்ணி முடித்த பிறகு மொகுதூம் நிமிர்ந்து சொல்வார்: “எண்ணிக்கிடும்வே. உம்ம கணக்குதான ஊருக்கே கணக்கு.” சிரித்துக்கொண்டுதான் சொல்வார். பக்கத்தில் இருப்பவர்கள் புகழ்ச்சி என்று நினைத்துக்கொள்வார்கள். முப்பத்தொரு வருஷமாக, எங்கே பார்த்தாலும், கல்யாண வீட்டில், மீன் ஏலத்தில், ஒரு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட, அதே பேச்சு, அதே சிரிப்பு. இருபத்தேழு. டிராம்போன் இரண்டும் மெல்ல ஏறின. இருபத்தெட்டு.

இதை இப்போது நினைக்கக் கூடாது. இப்போது எண்ண வேண்டும். போன வியாழக்கிழமை ஒத்திகையில் தப்பியது. கயித்தான் தொண்ணூற்றாறு முடித்துத் தட்டை ஓங்கியபோது டிரம்பெட் நான்கும் ஏற்கெனவே உச்சிக்குப் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தன. அவர் அடித்த அடி, எல்லோரும் வீட்டுக்குள் போன பிறகு வந்து கதவைத் தட்டுகிறவன் மாதிரி விழுந்தது. ஒரு பார் பிந்திவிட்டது. எல்லோரும் நிறுத்தினார்கள். மாஸ்டர், “பரவாயில்லண்ணே, ஞாயித்துக்கிழமை சரியா வந்தா போதும்” என்றார். திட்டியிருந்தால் தேவலை. மாஸ்டர் யாரிடமும் பரவாயில்லை என்று சொல்லிக் கயித்தான் கேட்டதில்லை. பக்கத்தில் பெரிய டிரம் அடிக்கிற எமரென்சி, தபால் ஆபீஸில் வேலை பார்க்கிற பெண், குனிந்து, “மாமா, நானும் உங்களோட எண்ணட்டா?” என்று கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். “வேண்டாம். ரெண்டு பேரு எண்ணுனா ரெண்டு கணக்கு வரும்” என்றார். அவள் முகம் சுண்டிப்போயிற்று. முப்பத்து மூன்று. வீட்டுக்குப் போய் மனைவி ரெஜினாவிடம் சொல்லவில்லை. ரெஜினா இன்று கிளம்பும்போது, “வாரம் ரெண்டு நாளு தட்டைத் தூக்கிட்டு ஓடுதியளே, ஒரு நாளாவது அடுப்பங்கரைத் தட்டை எடுத்துக் கழுவுனா என்ன?” என்றாள். அவர் சிரித்தார். சாவி எங்கே என்று தேடினார். சாவி மீன் வைக்கிற பையில், ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. ரெஜினாதான் எடுத்துக் கொடுத்தாள். முப்பத்தாறு. சாவி சில்லென்று இருந்தது. இன்னும் சட்டைப் பையில் அது சில்லென்று இருப்பதாக அவருக்குத் தோன்றியது. முப்பத்தேழு. இஞ்ஞாசி அண்ணனுக்கு எழுபது வயதில் இப்படித்தான் தொடங்கியது. முதலில் சாவி. அப்புறம் தெரு. கடைசியில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு வலதுகை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஐந்து வந்ததும் நிமிர்ந்து, “ஆறாவது எங்கடா கயித்தான்?” என்று கேட்பான். திரும்ப விரிப்பான், திரும்ப மடக்குவான். சாகும் வரைக்கும் ஆறாவதைத் தேடினான். கயித்தானுக்கு வயது அறுபத்தேழு. இன்று தப்பினால் தட்டுகளைத் துணியில் சுற்றி மாஸ்டர் வீட்டில் வைத்துவிட்டு வந்துவிடுவது என்று வியாழக்கிழமையே முடிவு செய்திருந்தார். தட்டு போனால் போகட்டும். அதற்குப் பிறகு காலையில் எழுந்து எதை நம்புவது? படிப்பு இல்லை, பேச்சு இல்லை, நாலு பேர் நடுவில் நிற்கத் தெரியாது, எண்ணத் தெரியும். இந்த ஊரில் கயித்தான் என்றால் அவ்வளவுதான். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.

சின்ன டிரம் பொடியாக உருள ஆரம்பித்தது. நாற்பத்தைந்து. காற்று எழுகிற இடம். முதுகுக்குப் பின்னால் நிஜமான கடலும் கொஞ்சம் சத்தம் போட்டது. பழைய துறைமுகத்தின் பக்கமிருந்து ஒரு தோணி இன்ஜின் விட்டுவிட்டு இருமியது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் வெங்காய வாடை வந்துவிடும். தடுக்க முடியாது. மாலத்தீவுக்குப் போகும் தோணி, வெங்காயம் ஆயிரத்து இருநூறு மூட்டை. சுமைக்காரர்கள் பலகை வழியாக ஏறுவார்கள். கரையில் நின்று எண்ணுகிறவன் கயித்தான். தோணி மேல் நின்று எண்ணுகிறவன் மொகுதூம். இரண்டு பேர், இரண்டு அட்டை, இரண்டு பென்சில். நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது, நூறு ஆனதும் அடியில் கோடு கிழித்து முதலிலிருந்து தொடங்குவது. ஒருவன் அட்டையை இன்னொருவன் பார்க்கக் கூடாது, கண்ணால் ஜாடை காட்டக் கூடாது. கடைசியில் இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஏழு வருஷம் அப்படி எண்ணினார்கள். ஏழு வருஷமும் ஒத்துப்போயிற்று. மத்தியானம் ஒரே நிழலில் உட்கார்ந்து, மொகுதூம் வீட்டு இடியாப்பத்தில் பாதி, கயித்தான் வீட்டுச் சாளைக் குழம்பில் பாதி. ஐம்பத்தொன்று. “ரெண்டு பேருக்கும் தலை ரெண்டு, கணக்கு ஒண்ணு” என்று சுமைக்காரர்கள் கேலி பண்ணுவார்கள். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், அந்த வெங்காயத் தோணிக்கு மட்டும், கயித்தான் அட்டையில் ஆயிரத்து இருநூறு. மொகுதூம் அட்டையில் ஆயிரத்து இருநூற்றொன்று. ஐம்பத்து மூன்று. சரக்குச் சீட்டிலும் ஆயிரத்து இருநூறு. இல்லாத மூட்டை எங்கிருந்து வந்தது என்று ஆபீஸில் கேட்டார்கள். இன்றைக்கு ஒன்று கூட்டி எழுதுகிறவன் நாளைக்கு ஒன்று குறைத்து எழுதுவான் என்றார்கள். மொகுதூம் கயித்தானைப் பார்த்தார். “நீரு சொல்லும்வே. நீரு நல்லா எண்ணுனீரா?” என்று கேட்டார். கயித்தான், “எனக்குத் தப்பாது” என்றார். அந்த இரண்டு சொல்தான். அவ்வளவு உறுதியாக வாழ்க்கையில் வேறு எதையும் அவர் சொன்னதில்லை. சாயங்காலமே மொகுதூமின் அட்டையை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு சொல்லியாகிவிட்டதா, இப்போதுதான் சொல்கிறதா? சின்ன டிரம் நாற்பத்தைந்தில். இப்போது யூபோனியம் நுழைகிறது. யூபோனியம் எத்தனையில் நுழையும் என்று அவருக்குத் தெரியாது. மற்றவர்களைக் கவனித்து எண்ணுவது எண்ணிக்கை ஆகாது என்று ஒரு நாளும் கவனித்ததில்லை. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது.

இருபத்தாறு நாள் கழித்துத் தோணி திரும்பியது. தண்டல் சிலுவை, அந்தத் தோணியின் தலைவர், கயிறு கட்டிக்கொண்டே சொன்னார்: “வெங்காயத்துல ஒரு மூட்டை மிச்சமாப் போச்சுடா கயித்தான். அங்க இறக்கி எண்ணுனா ஆயிரத்து இருநூறு போக ஒண்ணு நிக்கி. சீட்டுல இல்லாததை எவன் வாங்குவான்? வார வழியெல்லாம் ஆக்கித் தின்னோம். வெங்காயத்தைப் பார்த்தாலே இப்பம் கொமட்டுது.” சொல்லிவிட்டுச் சிரித்தார். கயித்தானும் சிரித்தார். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. அறுபத்து மூன்று. அன்று சாயங்காலம் மொகுதூம் வீட்டு முக்கு வரைக்கும் போனார். சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். என்ன சொல்வது என்று நாலு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். உள்ளேயிருந்து யாரோ வெளியே வருகிற சத்தம் கேட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். நாளைக்குப் போகலாம். அந்த நாளை ஒரு மாதம் ஆயிற்று. மாதமான பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. வருஷமான பிறகு மொகுதூம் பத்து நாற்காலியோடு வாடகைக் கடை தொடங்கிவிட்டார், நன்றாகத்தானே இருக்கிறார் என்று ஆயிற்று. அறுபத்தேழு. அறுபத்தெட்டு. சொல்லாமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைக் கோவிலில் சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட அவர் சொன்னதில்லை. எங்கே தப்பியது என்று அவருக்குத் தெரியவில்லை. அட்டையை ஒரு வருஷம் வைத்திருந்தார். இரவும் பகலும் எடுத்துப் பார்த்தார். கோடுகள் சுத்தமாக இருந்தன. நாலு கோடு, ஒரு குறுக்கு, நாலு கோடு, ஒரு குறுக்கு, பன்னிரண்டு நூறு. அவருடைய கணக்கில் ஓட்டையே இல்லை. ஆனால் அதன் வழியாக ஒரு மூட்டை வெங்காயம், அறுபது கிலோ, சுமைக்காரனின் தோளில் ஏறி, கண் முன்னால் நடந்து போயிருக்கிறது. எப்படித் தப்பினேன் என்று தெரியாமல் தப்பிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? எழுபத்து மூன்று.

எழுபத்து நான்கு. டிரம்பெட்காரர்கள் வாயைத் துடைத்துக்கொண்டார்கள். வெயில் இறங்கியிருந்தது, வெளிச்ச வட்டம் மொகுதூமின் சட்டையில் கொஞ்சம் மேலே ஏறி, கழுத்துப் பொத்தானுக்குக் கீழே நின்றது. அன்றைக்கும் கண்ணில் வெயில். ஏழாவது நூறோ எட்டாவது நூறோ தொடங்குகிற சமயம், மெட்ராஸிலிருந்து வந்த புது சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார், செண்டு வாசனை, தோல் செருப்பு. எழுபத்தாறு. முதல் மூட்டைக்குக் கயித்தான் சத்தமாக லாபம் என்றார். சூப்பர்வைசர் தோளைத் தட்டி, “என்னய்யா லாபம்? ஒண்ணுன்னு சொல்லு. இதென்ன சந்தையா?” என்றார். சுமைக்காரர்கள் சிரித்தார்கள். கயித்தானுக்குக் காது சுட்டது. தலையைக் குனிந்துகொண்டு ஒன்று என்று சொல்லிக் கோடு போட்டார். எழுபத்தெட்டு. பென்சில் முனை உடைந்தது, வேறு பென்சில் எடுத்தார், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எழுபத்தொன்பது. ஒன்று என்று சொல்லிக் கோடு போட்டார். எந்த மூட்டைக்கு? லாபம் என்று சொன்ன மூட்டை அப்போது பலகையில் பாதி ஏறியிருந்தது. ஒன்று என்று சொன்னபோது கண் முன்னால் இருந்த சுமைக்காரன் வேறு ஆள். அவன் தலையில் சிவப்புத் துண்டு கட்டியிருந்தான். எண்பது. லாபம் சொன்ன மூட்டையைச் சுமந்தவனுக்குத் தலையில் துண்டே இல்லை, மொட்டைத் தலை. எண்பத்தொன்று. லாபத்துக்குக் கோடு போடவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு, அதை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கினார். அழிந்தது சொல் மட்டும், மூட்டை போய்விட்டது. முப்பத்தொரு வருஷம் தேடினார், முதலில் அட்டையில், பிறகு ஞாபகத்தில் நின்ற அட்டையில். அட்டையில் அது ஏறவே இல்லை. எண்பத்து மூன்று. தட்டுகள் ஒன்றோடொன்று பட்டு, ஊசி முனை அளவுக்கு ஒரு சத்தம் வந்தது. யாருக்கும் கேட்டிருக்காது. எண்பத்து நான்கு.

இன்றைக்கும் அதேதான். எண்பத்தைந்து. இன்றைக்குக் குச்சி இறங்கியதும் நாக்கு லாபம் என்றது, அவர் ஒன்று என்று திருத்தினார். திருத்தியது அதே பாரிலா, அடுத்த பாரிலா? நினைத்துப் பார்க்க முயன்றார். நினைத்துப் பார்த்தால் எண்ணிக்கை போய்விடும். எண்பத்தாறு, எண்பத்தாறு. வியாழக்கிழமையும் லாபம் வந்ததா? ஒரு பார் பிந்தியது. ஒரு மூட்டை குறைந்தது. அப்படியானால் இது மூளை கரைவது இல்லை, இஞ்ஞாசி அண்ணன் இல்லை, ஆறாவது விரல் இல்லை. முப்பத்தாறு வயதிலேயே செய்த தப்பு. அந்த நினைப்பில் ஒரு கணம் நெஞ்சு லேசானது. உடனே கனத்தது. ஏனென்றால் அதுவும் உறுதி இல்லை. திருத்தியது அதே பாரில் என்றால் இப்போது எண்பத்தெட்டு. அடுத்த பாரில் என்றால் எண்பத்தொன்பது. எது? வாழ்க்கையில் முதல் தடவையாக, எண்ணிக்கொண்டிருக்கும்போது, கயித்தான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். எமரென்சி வலதுகையில் டிரம் அடிக்கிற குண்டாந்தடியோடு நேரே மாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடதுகை பெரிய டிரம்மின் தோல் மேல், அவர் பக்கமாக, மல்லாந்து விரிந்திருந்தது. அவர் எண்பத்தொன்பது என்றபோது அது விரிந்தபடி சும்மா இருந்தது. தொண்ணூறு என்றபோது ஐந்து விரலும் ஒரு தடவை மடங்கி விறைப்பாக விரிந்தன. தொண்ணூற்றொன்று என்றார்; கட்டை விரல் மடங்கியது. நான்கு விரல். வேண்டாம் என்று சொன்ன பிறகும் இவள் எண்ணியிருக்கிறாள்! அவருடைய கணக்குப்படி இன்னும் ஐந்து பார் விட வேண்டும். அவள் நான்கு என்கிறாள்.

தொண்ணூற்றிரண்டு, மூன்று விரல். இரண்டு அட்டை, இரண்டு பென்சில். எனக்குத் தப்பாது. அந்த இரண்டு சொல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது, அன்றைக்கு மாதிரியே சுத்தமாக, ஓட்டை இல்லாமல். டிரம்பெட்கள் ஏறத் தொடங்கின. தொண்ணூற்று மூன்று, இரண்டு விரல். அவள் சின்னப் பெண், தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிறவள், துறைமுகத்தில் ஒரு நாள் நின்றதில்லை. தன் கணக்கில் அடித்துத் தப்பினால் தப்பு அவருடையது, தட்டைச் சுற்றி வைத்துவிட்டுப் போகலாம். அவள் கணக்கில் அடித்துத் தப்பினால்? தொண்ணூற்று நான்கு, ஒரு விரல், சுட்டு விரல், மருதாணி போய்ப் பாதி நகம் மட்டும் சிவப்பு. அன்றைக்கு, நீரு நல்லா எண்ணுனீரா என்று மொகுதூம் கேட்டபோது, திரும்பி, நீரு நல்லா எண்ணுனீரா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்த ஆள் என்ன சொல்லியிருப்பார்? எந்த மூட்டை என்றே சொல்லியிருப்பார். மொட்டைத்தலையன் கொண்டுவந்தது என்று சொல்லியிருப்பார். தொண்ணூற்றைந்து, எல்லா விரலும் மடங்கி முஷ்டியாயிற்று. தோளில் ஒரு மூட்டை ஏறினாற்போல இருந்தது. கயித்தான் தட்டுகளைத் தொடையிலிருந்து எடுத்தார். மொகுதூமின் சட்டையிலிருந்து வெளிச்சம் பிய்த்துக்கொண்டு பறந்தது. மாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை, குச்சி மேலே போய்விட்டது. நாக்கு தொண்ணூற்றாறு என்று சொல்ல வாயெடுத்தது, இன்னும் ஒன்று இருக்கிறதே, இன்னும் ஒன்று இருக்கிறதே என்றது, கயித்தான் அடித்தார்.

டிரம்பெட் நான்கும் அவர் அடியோடு சேர்ந்து உச்சியில் வெடித்தன. மேடைப் பலகை காலுக்கு அடியில் நடுங்கியது. செவலை நாய் எழுந்து ஓடியது. முன் வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுது, பிறகு சிரித்தது. பக்கத்தில் எமரென்சியின் குண்டாந்தடி அதே கணத்தில் இறங்கியிருந்தது. அவள் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, மாஸ்டரையே பார்த்தபடி, உதடு அசையாமல், “வந்துட்டு மாமா” என்றாள். அடுத்த பன்னிரண்டையும் கயித்தான் அவள் கையைப் பார்த்துத்தான் எண்ணினார். ஒன்று என்று தொடங்கினார்.

கூட்டம் கலைந்தபோது விளக்குக் கம்பங்கள் எரிய ஆரம்பித்திருந்தன. மொகுதூமின் ஆட்கள் இருவர் நாற்காலிகளைப் பத்துப் பத்தாக அடுக்கி வண்டியில் ஏற்றினார்கள். மொகுதூம் விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார், ஒரு தடவை, இரண்டாவது தடவை. கயித்தான் தட்டுகளைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“என்னவே, உம்ம தட்டு வெளிச்சம் என் நெஞ்சுல குத்த வச்சு உக்காந்துட்டு. தீப்பிடிச்சிருமோன்னு பார்த்தேன்” என்றார் மொகுதூம். “எண்ணிக்கிடும். உம்ம கணக்குதான ஊருக்கே கணக்கு.”

“வெங்காயம்” என்றார் கயித்தான். கனைத்துக்கொண்டார்.

“என்ன வெங்காயம்?”

“ஆயிரத்து இருநூத்தி ஒண்ணு.”

மொகுதூமின் கையில் ஒரு நாற்காலி இருந்தது. அதைப் பிடித்தபடியே நின்றார். ஆட்கள் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

“எப்பத் தெரியும்?”

“தோணி வந்த அன்னைக்கே. தண்டல் சிலுவை சொன்னாரு, ஒரு மூட்டை மிச்சம்னு. எப்படித் தப்புச்சுன்னுதான் தெரியாம இருந்துது. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. லாபம்னு சொல்லிட்டு, கோடு போடாம—”

“எப்படித் தப்புச்சுன்னு நான் கேட்டனா?” என்றார் மொகுதூம்.

கயித்தான் கக்கத்திலிருந்த தட்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கு வீட்டுக்குப் போயி வாப்பாகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? எனக்கு எண்ணத் தெரியல வாப்பான்னு சொன்னேன். கயித்தானுக்குத் தப்பாது, அப்பம் எனக்குத்தான் தப்பிட்டுன்னு. அதுல இருந்து எதையும் மூணு மட்டம் எண்ணுதேன்வே. பெத்த பிள்ளையளை மூணு மட்டம் எண்ணுதேன்.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. நாற்காலியை மணலில் வைத்தார், அதில் உட்கார்ந்தார், கடலைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு. “போம். மிச்சத்தை நீரே எண்ணி ஏத்தும்.”

கயித்தான் தட்டுகளைக் கீழே வைத்தார். வண்டிக்குப் போய், ஏற்றியிருந்த அடுக்குகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். பிறகு மணலில் சிதறி நின்றவற்றைக் கொண்டுபோய் அடுக்கி எண்ணினார். பிறகு, ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, எல்லாவற்றையும் இரண்டாவது தடவை எண்ணினார், மூன்றாவது தடவையும் எண்ணினார். வண்டியில் நூற்று எழுபத்தொன்பது. மிச்சம் ஒன்று, அதில் மொகுதூம் உட்கார்ந்திருந்தார்.